மாடு மேலே போகிறது, அண்ணாச்சி!

“மாடு இன்னும் மேலதாம்லே இருக்கு,” என்றார் கண்ணுச்சாமி அண்ணாச்சி.

பாண்டிராஜ் கம்ப்யூட்டரைப் பார்த்தான். இருந்தது. ஓட்டு வீட்டுக்கும் மேலே, தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே, நீல வானத்தில் நான்கு காலையும் விறைத்துக்கொண்டு ஒரு வெள்ளை மாடு நின்றது. அதன் வயிற்றிலிருந்து ஒரு ராக்கெட்டின் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது.

“எறங்கிரும் அண்ணாச்சி.”

“எப்ப?”

“அதத்தான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அண்ணாச்சி நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். பாண்டிராஜ் அங்கே கம்ப்யூட்டரில் பில் போடுகிறவன். அதற்கு முன்னால் சென்னையில் செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் இருந்தான். அந்தக் கம்பெனி ஒரு திங்கட்கிழமை காலை திறக்கவில்லை, அப்புறமும் திறக்கவில்லை. இந்த விஷயம் கோடைக்காலத்தில் அண்ணாச்சி காதுக்கு எட்டியது.

“நம்ம இடிமுரசு வெடிக்கு ஒரு வெளையாட்டு பண்ண முடியுமாலே?” என்று கேட்டார்.

“பண்ணிரலாம் அண்ணாச்சி,” என்றான் பாண்டிராஜ். இத்தனை வினைக்கும் காரணம் அந்த ஒரு வார்த்தைதான்.

சிவகாசிப் பக்கத்தில் அச்சடிக்கிற வேலை யாருக்காகவும் காத்திருக்காது. அன்று சாயங்காலமே அண்ணாச்சி பிரஸ்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். இடிமுரசு வெடியின் லேபிளில் ஒரு கட்டம். செல்போனால் அதை ஸ்கேன் செய்தால் விளையாட்டு திறக்கும். லேபிள் அச்சாகி, வெடியில் ஒட்டி, லோடு ஏறி, வெளியூர்க் கடைகளுக்குப் போயும் சேர்ந்துவிட்டது. விளையாட்டோ, கையில்லாத ஒரு மனிதன் தெருவில் நிற்கிற கட்டத்தில் இருந்தது.

பிறகு அவருக்குக் கை முளைத்தது. சின்னப்பிள்ளை வெடி வைப்பதுபோல் காட்டக் கூடாது என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டதால், வெள்ளை வேட்டியும் பெரிய மீசையுமாக ஒரு பெரிய மனிதரைப் போட்டிருந்தான். அது யாருடைய மீசை என்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாச்சிக்கு உள்ளுக்குள் ரொம்பச் சந்தோஷம்.

“இப்பிடியே வெளிய விட்டிருவோம் அண்ணாச்சி,” என்றான் பாண்டிராஜ். “பெறகு ஒவ்வொண்ணா சரிபண்ணி அனுப்பிக்கிடலாம். ஒலகம் பூரா அப்பிடித்தான் விடுறாக. வெளையாடுறவுகளே தப்பக் கண்டுபிடிச்சுச் சொல்லிருவாக.”

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏலே, நான் வெடிய வித்துப்புட்டு, திரிய மட்டும் தீவாளி கழிச்சுத் தபால்ல அனுப்பவா?”

“வெடி வேற, வெளையாட்டு வேற அண்ணாச்சி.”

“ரெண்டுலயும் ஏமாறுறவன் ஒருத்தந்தான?”

“இது சும்மா குடுக்குறதுதான அண்ணாச்சி.”

“சும்மா குடுத்தா மாடு மேல போகலாமா?”

பாண்டிராஜ் திரும்பி மாட்டைப் பார்த்தான்.

“கேட்டுக்கோ,” என்று எழுந்தார் அண்ணாச்சி. “தீவாளிக்கு வெளையாட்டு வந்தாகணும். முழுசா வந்தாகணும். ஒரு கம்ப்ளைன்ட் வரலைன்னா ஒனக்கு இங்கன வேல நெரந்தரம். ஒண்ணே ஒண்ணு வந்தாலும் காரியாபட்டிக்குப் போயி மாமனார் கடையில உரமூட்ட தூக்கு.”

காரியாபட்டியில் மாமனாரின் உரக்கடை மட்டும் இல்லை, வேல்விழியும் இருந்தாள். சென்னை வேலை போனதும் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் போனவள். “நெரந்தரமா ஒரு வேல கெடைக்கட்டுங்க, மறுநாளே வாரேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது சமாதானம் பண்ணியிருக்கலாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே மாட்டை இறக்க உட்கார்ந்தான். மாட்டைத் தரையோடு சேர்த்துக் கட்டினான். அடுத்த ராக்கெட்டுக்கு மாடு அசையவில்லை. தெரு மேலே போனது.

தெருவை இறக்கினான். இப்போது ராக்கெட் மாட்டின் மேல் மோதித் திரும்பி வந்து, வைத்தவரின் வேட்டிக்குள் நுழைந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி உள்ளே வந்தார். திரையில் தன் மீசை வானத்தை நோக்கிப் போவதை நின்று பார்த்தார். வந்த வழியே வெளியே போனார்.

மறுநாள் போர்மேன் சீனிச்சாமியை அனுப்பி வைத்தார். கம்பெனியிலிருந்து எந்தச் சரக்கு வெளியே போனாலும் அதில் ஒன்றை எடுத்து வெடித்துப் பார்த்துச் சரி சொல்கிறவர் அவர்தான்.

சீனிச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காட்டிய இடத்தில் விரலை வைத்தார். ராக்கெட் கிளம்பி மாட்டில் மோதியது.

“சரி, இது தீந்துபோச்சு. அடுத்தத எடு.”

“அடுத்ததுன்னு இல்லண்ணே. இது ஒண்ணுதான்.”

“ஒண்ணுதான் செஞ்சியா? அம்புட்டுப் பேருக்கும் இத வச்சு என்னத்தக் குடுப்ப?”

விளக்கிச் சொல்லி முடிக்க மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. கிளம்பும்போது சீனிச்சாமி ஒரே ஒரு குறை சொன்னார்.

“தரைச்சக்கரம் எடப்பக்கமால்ல சுத்துது. நம்ம சக்கரம் வலப்பக்கந்தான் சுத்தும். வாங்குறவுக வேற கம்பெனி சரக்குன்னு நெனச்சிருவாக.”

பாண்டிராஜ் சக்கரத்தைத் திருப்பினான். சக்கரம் வலப்பக்கம் சுற்றியது. மீசைக்காரர் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அவரை முன்பக்கம் நடக்க வைத்தான். மாடு தலைகீழாக நின்றது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அவிழ்ந்தது. சென்னையில் இதையெல்லாம் சரிபார்க்கத் தனியாக ஒரு அறை நிறைய ஆட்கள் இருப்பார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

“எல்லாஞ் சரிலே,” என்றார் அண்ணாச்சி ஒரு நாள் வந்து பார்த்து. “பக்கத்துல ஒரு வாளித் தண்ணி வைக்கலையே? பாதுகாப்பு வேண்டாமா?”

வாளி வைத்தான். மீசைக்காரர் கைகூப்பி ஒரு கும்பிடு போட்டார். திரும்பி நடந்தார். வாளிக்குள் இறங்கினார். மூழ்கினார். மீசை மட்டும் தண்ணீரில் மிதந்தது. அதற்குமேல் விளையாட்டு நகரவில்லை.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. பாண்டிராஜ் கடைசியாக ஒரு காரியம் செய்தான். ராக்கெட், சக்கரம், வாளி, மாடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீசைக்காரர் கையில் ஒரு மத்தாப்பை மட்டும் கொடுத்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். அதில் தப்பு நடக்க வழியே இல்லை, ஏனென்றால் அதில் எதுவுமே நடக்கவில்லை.

அண்ணாச்சி அதை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“அழகா இருக்குல்ல?” என்றார்.

“ஆமா அண்ணாச்சி.”

“இதுதாம்லே தொழில். முழுசா முடிச்சுத்தான் கைய எடுக்கணும். விட்டுரு.”

பாண்டிராஜ் விட்டான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. டீ குடித்துவிட்டு வந்து, எதற்கும் ஒரு தடவை பார்ப்போமே என்று தன் போனில் திறந்தான். மீசைக்காரர் கைகூப்பி ஒரு கும்பிடு போட்டார். திரும்பி நடந்தார். வாளிக்குள் இறங்கினார்.

அவசரத்தில் மத்தாப்புக்குப் பதிலாக வாளியை அனுப்பியிருக்கிறான். உடனே சரியானதை அனுப்பினான். ஒரு தடவை வெளியிட்டதை மாற்றுவதென்றால் சரிபார்க்கச் சில நாள் ஆகும் என்று, செல்போனுக்கு விளையாட்டுகளை வெளியிடுகிற கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அந்தச் சில நாளுக்கு உள்ளேதான் தீபாவளி இருந்தது.

தீபாவளியன்று கம்பெனிக்கு லீவு. ஆனால் குறை சொல்கிறவர்களுக்காக ஆபீஸில் ஒரு போன் மட்டும் விழித்திருக்கும். அதை எடுக்க ராமுத்தாய் இருப்பாள். வருஷா வருஷம் அவள்தான். எந்த வசவையும் “சரிங்கய்யா” என்று வாங்கி வைத்துக்கொள்கிற பொறுமை அந்தக் கம்பெனியில் அவளுக்குத்தான் உண்டு. பாண்டிராஜ் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

போன் அடித்தது. அவன் நாற்காலி நுனிக்கு வந்தான்.

“சங்கரன்கோவில்,” என்றாள் ராமுத்தாய். “மத்தாப்பு நமுத்துப்போச்சாம்.”

“வேற ஒண்ணுஞ் சொல்லலையா?”

“வேற என்ன சொல்லணும்?”

அடுத்தவருக்குப் புஸ்வாணம் சாய்ந்து எரிந்ததாம். அதற்கடுத்தவர் சும்மா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார். மாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. வாளியைப் பற்றியும் பேசவில்லை. எத்தனை பேர் விளையாடுகிறார்கள், என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். அந்தப் பக்கத்தைத் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மத்தியானம் வேல்விழி கூப்பிட்டாள்.

“தீவாளிக்குக்கூட வரமாட்டீகளா?”

“கம்ப்ளைன்ட் வருதான்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

“வந்தா?”

“வந்தா நான் அங்கன வாரேன். வரலைன்னா நீ இங்கன வா.”

“கம்ப்ளைன்ட் வரக்கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிறேன்,” என்றாள்.

அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் பாண்டிராஜ் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தான். சரி செய்த மத்தாப்பை இனி வெளியிட வேண்டாம் என்று தானாகவே எழுதி அனுப்பினான். நன்றாக ஓடுகிற ஒன்றை எதற்கு நிறுத்துவது? ஜனங்களுக்கு வாளி பிடித்துப் போய்விட்டது. டீக்கடையில் உலகத்து விளையாட்டுகளின் போக்கைப் பற்றி யாரும் கேட்காமலே பேசினான்.

கம்பெனி திறந்த அன்று அண்ணாச்சி எல்லாரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் மைசூர்பாகு இருந்தது. வேல்விழி பெட்டியோடு வந்து கணவன் பக்கத்தில் நின்றாள். ராமுத்தாய் மூலையில் போனோடு இருந்தாள்.

“வெளையாட்டப் பத்தி ஒரு கம்ப்ளைன்ட் இல்ல,” என்றார் அண்ணாச்சி. “ஏன்? நான் புடிச்ச பிடியில நின்னேன். அரகொறையா விடக்கூடாதுன்னு சொன்னேன். இன்னையிலருந்து பாண்டிராஜுக்கு வேல நெரந்தரம்.”

வேல்விழி சிரித்தாள். பாண்டிராஜ் அதோடு ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாதத்தில் ஜெயித்தவனுக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

“அண்ணாச்சி, ஒரு உண்மையச் சொல்லுறேன். வெளிய விட்டது மத்தாப்பு இல்ல. வாளி.”

“எந்த வாளி?”

“நீங்க முங்குவீகள்ல, அது.”

அண்ணாச்சியின் கை தானாக மீசைக்குப் போனது.

“மீச மெதக்குமே, அதையா ஊரு பூரா காட்டியிருக்க?”

“ஒருத்தரும் கொற சொல்லலையே அண்ணாச்சி! அதத்தான் அன்னைக்கே சொன்னேன். முழுசா முடியாமலே விடலாம். ஜனங்க ஏத்துக்கிடுவாக.”

“என்ன ஏத்துக்கிடுவாக?” அண்ணாச்சி மேஜையைத் தட்டினார். மைசூர்பாகு குதித்தது. “அது ஒன் வெளையாட்டுக்குக் கெடச்ச மரியாதையாலே? என் லேபிளுக்குக் கெடச்ச மரியாத! அதுல ஒவ்வொரு வார்த்தையும் நானே ஒக்காந்து எழுதுனது. வெடி பக்கத்துல செல்போனோட குனியக் கூடாதுன்னு பாதுகாப்பு பாத்து எழுதுனது. பிரஸ்காரன் அழுகுற வரைக்கும் திருத்துனேன். அம்புட்டுச் சுத்தமா இருந்ததாலதான் உள்ள இருந்த குப்பைய ஒருத்தனும் கண்டுக்கிடல. ஏமாத்திப்புட்டியேலே! ஒனக்கு நெரந்தரமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. பொட்டிய எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் காரியாபட்டிக்கே கெளம்புங்க.”

வேல்விழியின் முகம் செத்துப்போனது. பாண்டிராஜ் அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டான். அவளை ஏறிட்டுப் பார்க்க அவனால் முடியவில்லை. தன் வாயைத் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்போது மூலையில் போன் அடித்தது. ராமுத்தாய் எடுத்தாள். கேட்டாள். “சரிங்கய்யா” என்றாள். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“கரூர்லருந்து ஒருத்தரு பேசுறாக அண்ணாச்சி. ‘வெடித்த பிறகு மட்டும் ஸ்கேன் செய்யவும்’னு வெடி மேலயே ஒட்டியிருக்கீகளே, வெடிச்ச பெறகு அந்தத் தாள எங்கன போயிப் பொறுக்குறதுன்னு கேக்காக.”