வெயிலில் வைத்த முளைப்பாரி

ஒரு காட்டில் கோடை முற்றி, குடிக்கிற தண்ணீர் ஒரே ஒரு குட்டையில்தான் மிஞ்சியிருந்தது. யார் முதலில் குடிப்பது என்று தினமும் அடிதடி. தலைவர் கரடியார் தீர்ப்புச் சொன்னார்:

"அம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் முளைப்பாரி போடுங்க. யாரோட முளை உசரமோ, அவங்க வீட்டுக்கு முதல் தண்ணி. மத்தவங்களுக்கு மிச்சம்."

மிச்சம் என்றால் எருமைகள் இறங்கிக் கலக்கிய சேறு. செவலை என்கிற முயலுக்குப் பகீரென்றது. போன வாரம்தான் அந்தச் சேற்றைக் குடித்துவிட்டு அவள் கடைக்குட்டி கண் செருகிக் கிடந்தது.

செவலை வேறு காட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முளைப்பாரியை இருட்டறையில் மூடி வளர்க்கிற வழக்கம் அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. பயறு விதைத்த சட்டியை நல்ல வெயிலில் வைத்து, பாட்டெல்லாம் பாடி வளர்த்தாள். முளை பச்சையாக, தடித்து, குட்டையாக நின்றது. திருவிழாவுக்கு முந்தின நாள்வரை அதற்குமேல் ஏறுவேனா என்றது.

"நான் என்னடா குறை வச்சேன்? வளந்து தொலையேன்!"

"நீங்க காட்டுற வெயில்தாம்மா குறை," என்றது முளை. "வெளிச்சம் பட்டா எங்களுக்குள்ளயே ஒரு சாறு ஊறுது. 'போதும், நில்லு'ன்னு அதட்டுது. இருட்டுல அதட்ட ஆளில்ல. வெளிச்சம் எங்க, எங்கன்னு தேடியே ஓங்கிருவோம்."

திருவிழாவன்று பக்கத்து வளைப் பெருச்சாளி தொந்தியப்பன் தன் சட்டியைத் தூக்கி வந்தான். முழ உயரத்துக்கு முளை. சோகை பிடித்த மஞ்சள். லேசாகத்தான் காற்று வீசியது. மொத்தமும் சாய்ந்து படுத்துக்கொண்டது.

செவலைக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா ஐயா! என்னோடது நிக்குது!"

கரடியார் படுத்திருந்த முளையை நீவிவிட்டு முழம் போட்டார்.

"நிக்குதான்னு யாரும்மா கேட்டா? உசரந்தான கேட்டோம். படுத்தாலும் உசரம் உசரந்தான்."

குலவைச் சத்தம் காட்டைப் பிளந்தது. தொந்தியப்பன் குடும்பம் முதல் தண்ணீரைக் குடித்தது. மீதியில் வால் கழுவியது. செவலையின் குட்டிகள் சேற்றை நக்கின.

மறு கோடையில் செவலை சட்டியும் கையுமாகப் பெருச்சாளி வளை வாசலில் நின்றாள்.

"அண்ணே, உள்ள ஒரு மூலை கிடைக்குமா?"

"வா தாயி, இடத்துக்கென்ன பஞ்சம். பாத்து வா. கரடியாரோட சட்டிய மிதிச்சிராத."

நீதி: வளர ஆசைப்படுகிறவர்கள் வெளிச்சத்துக்கு வரக் கூடாது. நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகிறவர்கள் சேறு குடிக்கப் பழகிக்கொள்ளலாம்.