நூற்று எழுபத்து மூன்றாம் பக்கம்

"இது என்னய்யா கோலம்?" என்றார் நூலகத்தைத் தணிக்கை செய்ய வந்த அதிகாரி.

அவர் கையில் ஒரு நாவல் விரிந்திருந்தது. நூற்று எழுபத்து மூன்றாம் பக்கம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, மறுபடி காய்ந்து உப்பிப் போயிருந்தது.

நூலகர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பாழாய்ப்போன கூரை! ஒழுகுகிறது, ஒழுகுகிறது என்று நாலு வருஷமாக எழுதிப் போட்டும் தலைமை அலுவலகம் அசைந்து கொடுக்கவில்லை. அலமாரிகளுக்கு நடுவே ஒரு வாளியை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். கூட்டிப் பெருக்கி, அந்த வாளியைக் காலி செய்து, மாலையில் கதவைப் பூட்டும் பெண்ணுக்கு 'வாளியம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் கூரை என்று வாயைத் திறந்தால், 'தெரிந்தும் ஏன் அலமாரியை நகர்த்தவில்லை' என்று மெமோ வரும். ஓய்வு பெற இன்னும் மூன்றே மாதம். முப்பத்து நாலு வருஷமாக ஒரு மெமோகூட வாங்காத மனுஷர் அவர். கடைசி நேரத்தில் ஒன்று வந்து சேர்ந்தால் பென்ஷன் கோப்பு எந்த மேஜையில் போய்ப் படுத்துக்கொள்ளுமோ, யார் கண்டது?

"கேக்கறேன்ல? இந்தப் பக்கத்துப் புத்தகமும் காஞ்சிருக்கு, அந்தப் பக்கத்துப் புத்தகமும் காஞ்சிருக்கு. இது மட்டும் எப்படி நனைஞ்சுது?"

"அது... வாசகர்கள் சார். அழுதுடறாங்க."

"என்னது?"

"ரொம்ப உருக்கமான நாவல் சார். இந்தப் பக்கம் வந்தா யாராலயும் தாங்க முடியறதில்ல."

நூலகர் அந்த நாவலைப் படித்தவரில்லை. எந்த நாவலையும் படித்தவரில்லை. புத்தகம் படிக்கிறவனை நூலகராகப் போட்டால் வேலை ஓடுமா என்பது அவர் கட்சி.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் காலத்துலயும் புத்தகம் படிச்சு அழறவங்க இருக்காங்களா!" என்றார். மெமோ எழுத எடுத்த பேனாவால் பாராட்டுக் குறிப்பு எழுதினார். நூலகர் தன் சமயோசிதத்தைத் தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பத்தாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வாசகர்களை அழவைத்த நாவலுக்கு அந்த நூலகத்திலேயே ஒரு விழா. நூலகத் துறை இயக்குநர் வருகிறார். பத்திரிகைக்குப் படம் எடுக்கிறார்கள். எழுத்தாளரையும் தேடிப் பிடித்துவிட்டார்கள். அழுத வாசகர் ஒருவரையாவது பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்படுகிறாராம்.

நூலகர் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பினார். கடன் கொடுக்கும்போது தேதி முத்திரை குத்தும் சீட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு முத்திரைகூட இல்லை. ஒருத்தரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத புத்தகத்தைப் படித்து ஊரே அழுததென்றால் இயக்குநர் நம்புவாரா? முத்திரையின் சக்கரங்களை முன்னும் பின்னும் திருகித் திருகி நாற்பது தேதிகள் குத்தினார். கை வலித்தது.

அடுத்து, நனைந்த பக்கம் ஒன்றே ஒன்று போதாது என்று பட்டது. ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வந்தார்.

"ஐயோ, அதுல தண்ணி தெளிக்காதீங்க சார்!" துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள் வாளியம்மா.

"உனக்கு என்ன வந்துது? நீ போய் வாளியைப் பாரு."

கைநிறைய எடுத்துத் தெளித்ததில் கடைசி முப்பது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் போனபோது இரண்டு கிழிந்தன. வாளியம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

இனி வாசகருக்கு எங்கே போவது? தினமும் வந்து பேப்பர் படிக்கிறவர்களைக் கேட்டார். "அழறதுக்கு எங்க வீட்டுலயே ஆயிரம் காரணம் இருக்கு சார், இதுக்கு வேற வரணுமா?" என்று ஒருவர் விளையாட்டுப் பக்கத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார். கடைசியில் நூலகரின் கண் வாளியம்மாமேல் விழுந்தது.

"நாளைக்கு நீதான் வாசகி. நல்ல புடவையாக் கட்டிக்கிட்டு வா."

"நானா? சார், அந்தப் புத்தகத்தை நான் வந்து..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வாயைத் திறந்தா குட்டு வெளிப்பட்டுடும். தலையைக் குனிஞ்சு அழு, அது போதும். அழுகை வரலைன்னா கைக்குட்டையில தலைவலித் தைலம் தடவித் தர்றேன்."

"நிஜத்தைச் சொல்லிடறேனே சார்."

"நிஜத்தையா? என் பென்ஷன்ல மண்ணைப் போடப் பாக்கறியா?"

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

விழாவன்று எழுத்தாளர் சீக்கிரமே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை, காலர் மட்டும் நைந்திருந்தது. மேடையேறி மைக்கைப் பிடித்தார். "இதை எழுதி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. முந்நூறு பிரதி போட்டோம். விக்காததைக் கரையான்தான் படிச்சு முடிச்சுது. என்கிட்டயே இப்ப ஒண்ணு இல்ல. எங்கயோ ஒரு மூலையில யாரோ இதைப் படிச்சு அழுதிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ..." மேலே பேச முடியாமல் இறங்கி, முதல் வரிசையில் இருந்த வாளியம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"எந்த இடத்துலம்மா அழுதீங்க?"

அவள் தலையைத் தூக்கினாள். தைலக் கைக்குட்டை மடியில் மடித்தபடி இருந்தது. "அந்த அம்மா வந்துங்க..." என்று ஆரம்பித்தாள்.

போச்சு, உளறப் போகிறாள்! நூலகர் ஒரே தாவாகத் தாவி நடுவில் புகுந்தார். "கதாநாயகன் சாகற இடத்துல சார்! குலுங்கிக் குலுங்கி அழுதாங்க!"

எழுத்தாளர் அவரையே பார்த்தார். "என் நாவல்ல யாருமே சாகறதில்லையே."

இயக்குநர் இருமினார். எழுத்தாளர் புத்தகத்தை எடுத்தார். ஒட்டிக் கிடந்த பக்கங்களை விரலால் தடவினார். பின்னட்டைச் சீட்டை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"அச்சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே மூணு பேர் படிச்சிருக்காங்க" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எழுத்தாளரும் சிரிக்க முயன்றார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நூலகருக்கு வேர்த்துக் கொட்டியது. வாளியம்மாவின் மடியிலிருந்த கைக்குட்டையைப் பிடுங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், தைலம் கண்ணில் ஏறி நீர் தாரை தாரையாகக் கொட்டியது. விழாவில் கண்ணீர் விட்டவர் அவர் ஒருவர்தான். பத்திரிகைக்காரர் அதை மூன்று கோணத்தில் படம் எடுத்தார்.

"இதை நான் எடுத்துக்கிட்டுப் போகலாமா?" என்று எழுத்தாளர் கேட்டார்.

விஷயத்தை எப்படியாவது முடித்தால் போதும் என்றிருந்தது இயக்குநருக்கு. "தாராளமா. சேதமான புத்தகம்னு பட்டியல்லேருந்து நீக்கிடலாம்" என்றார்.

எழுத்தாளர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், மழைத் தூறலில் இறங்கிப் போனார். வாளியம்மா வாசல்வரை ஓடினாள். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

எல்லோரும் போனபின் நூலகர் நாற்காலியில் சாய்ந்தார். சேதமான புத்தகமே இல்லையென்றால் மெமோ ஏது? நினைக்க நினைக்க நெஞ்சு லேசானது.

"எப்படியோ தலை தப்பிச்சுது. எல்லாம் இந்தக் கூரையால வந்த வினை."

வாளியம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கூரை ஒழுகறது அகராதி அலமாரி பக்கம் சார். அந்தப் புத்தகத்துமேல ஒரு நாளும் ஒரு சொட்டு விழுந்ததில்ல."

"பின்ன எப்படி நனைஞ்சுதாம்?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"பொண்ணு வீட்டை விட்டுப் போனப்பறமும் அந்த அம்மா தினமும் ரெண்டு தட்டு கழுவி வைப்பா சார், நூத்தி எழுபத்தி மூணாம் பக்கத்துல. ஏழு வருஷமா நீங்க சாவியைக் குடுத்துட்டுப் போனதும் நான் உக்காந்து அழுதது அங்கதான்."