உறக்கப் புத்தகத் தேர்வுக் கமிட்டி

குழந்தைகளைத் தூங்க வைப்பதற்காக ஐந்து பெரிய மனிதர்கள் ஒரு மழைக்காலம் முழுவதும் அயராமல் பாடுபட்ட ஊர் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது ஆம்பூர். பிரியாணிக்காகவும் தோலுக்காகவும் அந்த ஊரைப் புகழ்கிறவர்கள் இந்தச் சாதனையை மட்டும் ஏனோ சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பாடுபட்ட ஐவரில் இளையவன் லோகநாதன். எண்பத்து நாலாம் வருஷம் அவன் மார்னிங் குளோரி ஷூ அப்பர்ஸ் என்ற கம்பெனியில் 'தொழிலாளர் நல அலுவலர்' ஆகச் சேர்ந்தான். ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து ஜெர்மனிக்கு அனுப்பும் கம்பெனி அது. தையல் ஹாலில் மெஷின் மிதித்தவர்கள் எல்லோரும் பெண்கள். லோகநாதன் இன்னும் புரொபேஷனில் இருந்ததால் ஒரே ஒரு தொழிலாளியின் நலத்தில்தான் அவனால் முழுக் கவனம் செலுத்த முடிந்தது. அந்தத் தொழிலாளி அவன்தான்.

மற்றவர்களின் நலத்தைக் கம்பெனியே பார்த்துக்கொண்டது. வெயில் பட்டுப் பெண்களுக்குக் கண் கூசக்கூடாது என்பதற்காக ஹாலின் ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். உள்ளே எந்நேரமும் டியூப் லைட். சூரியன் இறங்கிய பிறகும் இந்த அக்கறை தொடர்ந்ததால் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பகலா, ராத்திரியா என்ற குழப்பமே வராது. பெண்களை ஏழு மணிக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. கம்பெனிக்குச் சட்டத்தின் மேல் மிகுந்த மரியாதை. ஆகவே எல்லோரும் ஆறு மணிக்கே போய்விட்டதாக எழுதி வைத்துவிட்டுத்தான், சரக்கு ஏற்றும் மாதங்களில் எட்டரை வரை வேலை வாங்கியது.

ஹாலை ஒட்டி, ஒரு பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம், குழந்தைகள் அறை. தாய்மார்கள் தைத்துக்கொண்டிருக்க, அவர்களுடைய குழந்தைகளை அங்கே அமிர்தவள்ளி என்ற அம்மாள் பார்த்துக்கொண்டாள். குழந்தைகள் அவளை 'ஆயா' என்பார்கள். அந்த அறை ஜன்னலுக்கு வரும்போது பச்சை பெயிண்ட் தீர்ந்து போயிருந்தது. கம்பெனி செய்த ஒரே கவனக்குறைவு அது.

ஐப்பசியில் ஆர்டர் கொடுக்க வந்த ஜெர்மன்காரர் அந்த அறையை எட்டிப் பார்த்தார். குழந்தைகள் தூங்குமுன் அவர்களுக்கு என்ன புத்தகம் படித்துக் காட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஜெனரல் மேனேஜர் கோதண்டபாணி லோகநாதனைப் பார்த்தார். லோகநாதன் அமிர்தவள்ளியைப் பார்த்தான். அவள் கையில் அப்போது பால் டம்ளர்தான் இருந்தது. "பலவகைப்பட்ட புத்தகங்கள்" என்று லோகநாதன் ஆங்கிலத்தில் சொல்லிவைத்தான்.

ஊருக்குத் திரும்பிய ஜெர்மன்காரர் ஒரு பார்சல் அனுப்பினார். அதில் நான்கு அட்டைப் புத்தகங்கள். ஒவ்வொரு பக்கமும் விரல் தடிமனில், குழந்தையைக் குத்தாதபடி முனை மழுங்கி, முழுக்கப் படமாக இருந்தது. தை மாதம் மறுபடி வருவதாகவும், குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த புத்தகத்தோடு அவர்களைப் படமெடுத்துத் தன் கம்பெனிப் பத்திரிகையில் போடப்போவதாகவும், அதற்கப்புறம் அடுத்த வருஷத்து ஆர்டரைப் பேசலாம் என்றும் எழுதியிருந்தார்.

குழந்தைகளுக்குப் பிடித்த புத்தகம் எது என்பதைக் குழந்தைகளிடம் விட முடியுமா? அன்றைக்கே 'உறக்கப் புத்தகத் தேர்வுக் கமிட்டி' அமைக்கப்பட்டது. தலைவர் கோதண்டபாணி. உறுப்பினர்கள், தையல் ஹாலை நடத்தும் புரொடக்‌ஷன் மேனேஜர் பக்தவச்சலம், தரம் பார்க்கும் சர்தார் பாஷா, குடோன் பொறுப்பில் இருந்த அதாவுல்லா. செயலாளர் லோகநாதன்.

முதலில் தரப் பரிசோதனை. தோலை மடக்கி மடக்கிப் பார்க்கும் மெஷினில் சர்தார் பாஷா புத்தகங்களை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டார். பிறகு எச்சில் பரிசோதனை. வேண்டிய அளவு எச்சில் கிடைக்காததால் குழாய்த் தண்ணீரில் ஊறப்போட்டார். நான்குமே தேறின. நம்முடைய தோலே இவ்வளவு தாங்காது என்று அவர் வருத்தத்தோடு அறிக்கை கொடுத்தார்.

அடுத்து உள்ளடக்கம். முதல் புத்தகத்தில் ஒரு மாடும் ஒரு ஆடும் வைக்கோலில் படுத்துச் சிரித்துக்கொண்டே தூங்கின. நம் மூலப்பொருளைக் குழந்தைகள் இந்தக் கோலத்தில் பார்ப்பது நல்லதல்ல என்று அதாவுல்லா சொல்ல, புத்தகம் தள்ளுபடி ஆனது. இரண்டாவதில் ஒரு வாத்து நீலமான ஆற்றில் நீந்தியது. பாலாற்றங்கரையில் வளரும் குழந்தைகளுக்கு ஆறு நீலமாக இருக்கும் என்று காட்டுவது வீணான எதிர்பார்ப்புகளை உண்டாக்கும் என்று தலைவர் கருதினார். மூன்றாவதில் ஒரு பையன் ஷூ போட்டுக்கொண்டான். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். சர்தார் பாஷா பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, அது தோல் ஷூ இல்லை, கேன்வாஸ் என்றார். தட்டியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள்.

மிச்சம் ஒன்றுதான். அந்தி நேரத்தில் கோழி கூண்டுக்குப் போகிறது, முயல் வளைக்குப் போகிறது, கடைசியில் நிலா வெளிச்சத்தில் ஒரு தாயும் பிள்ளையும் கைகோத்துப் போகிறார்கள். அதில் தோல் இல்லை, ஆறு இல்லை, எல்லோரும் வெறுங்காலோடு இருந்தார்கள். அது ஏகமனதாகத் தேர்வானது. ஒவ்வொரு பக்கத்திலும் கீழே ஒரே ஜெர்மன் வரி திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பதில் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு வரி எழுதும்படி லோகநாதனுக்கு உத்தரவாயிற்று. காலேஜில் அவனுக்கு விருப்பப் பாடம் தமிழ். 'இருள் கவிந்தது, இல்லம் ஏகுவோம்' என்று எழுதிக் கொண்டுவந்தான். நல்ல தமிழாக இருந்ததால் அர்த்தம் யாருக்கும் உறைக்கவில்லை. கமிட்டி பாராட்டியது.

அமிர்தவள்ளிக்கு அந்த வரி வாயில் நுழையவில்லை. அவள் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்து, பக்கத்துக்குப் பக்கம் தனக்குத் தெரிந்த மாதிரி படித்தாள்.

"இருட்டிடுச்சு, வூட்டுக்குப் போலாம்."

அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தின் மேல் குழந்தைகளுக்கு அப்படி ஒரு பைத்தியம் பிடித்தது. சாப்பிடும்போது கேட்டார்கள், பாயில் படுத்துக்கொண்டு கேட்டார்கள், முனைகளைக் கடித்துப் பார்த்தார்கள். மெஷின்காரி சந்திராவின் மகள் பூரணிக்கு மூன்று வயது. அவள் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டே கடைசிவரை 'படித்தாள்'. தமிழ் படித்தது வீண்போகவில்லை என்று லோகநாதன் பூரித்துப் போனான். தன் வேலை நிரந்தரமாகிவிடும் என்று வீட்டில்கூடச் சொல்லிவிட்டான்.

கார்த்திகை பிறந்தது. சீக்கிரமே இருட்டத் தொடங்கியது. பெயிண்ட் அடிக்காத ஜன்னல் வழியாகக் குழந்தைகள் வெளியே பார்த்தார்கள். ஒரு சாயங்காலம், கூரைகளுக்குமேல் வெளிச்சம் போனதும், பூரணி தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று, "இருட்டிடுச்சு, வூட்டுக்குப் போலாம்" என்றாள். மற்றக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். பிளைவுட் மெல்லியது.

ஹாலில் சந்திரா மெஷினை நிறுத்தினாள். பக்தவச்சலம் ஓடிவந்து, இன்னா ஆச்சு, ஊசி ஒடஞ்சிடுச்சா என்று கேட்டார்.

"இல்ல சார். இருட்டிடுச்சாமே. கொயந்த கூப்புடுது, நான் வர்றேன்" என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு மெஷினாக நின்றது. சண்டை இல்லை, கோஷம் இல்லை. எல்லோரும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பக்தவச்சலம் குழந்தைகள் சத்தம் கேட்காமலிருக்க ஹாலில் ரேடியோவை அலறவிட்டார். அது மாநிலச் செய்தி நேரம். அறிவிப்பாளர் மணியைச் சொன்னார், மெஷின்கள் நின்றன.

கமிட்டி அவசரமாகக் கூடியது. இரண்டு மணிநேர விவாதத்துக்குப் பிறகு, புத்தகத்தைக் குழந்தைகள் 'தேவைக்கு மேல் விரும்புகிறார்கள்' என்று கண்டறிந்தது. வேறு வரி ஒட்டும்படி லோகநாதனுக்கு உத்தரவு. அவனும் 'இருட்டவில்லை, இன்னும் சற்று இருப்போம்' என்று எழுதி ஒட்டினான். அப்படி ஒட்டும்போது அவனுக்கு என்னவோ கூச்சமாகத்தான் இருந்தது. புரொபேஷனை நினைத்துக்கொண்டு அழுத்தி ஒட்டினான்.

அமிர்தவள்ளி அதை எழுத்துக்கூட்டிப் படித்ததும் பூரணி அவள் வாயைப் பொத்தினாள்.

"நீ தப்பா படிக்கிற ஆயா. இருட்டிடுச்சு."

மூன்று வயதுக் குழந்தையிடம் பிடித்த கதையில் ஒரு வார்த்தையை மாற்ற எந்த மேனேஜ்மெண்டாலும் முடிந்ததில்லை. கடைசியில் கோதண்டபாணி புத்தகத்தைப் பறிமுதல் செய்து தன் மேஜை டிராயரில் பூட்டினார். வரியைப் பூட்ட டிராயர் கிடைக்கவில்லை. சாயங்காலமானால் குழந்தைகள் வெறுங்கையோடு சொன்னார்கள்.

தையில் ஜெர்மன்காரர் வந்தார். இருட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் வந்துவிடாதபடி மத்தியானம் மூன்று மணிக்கு அவரை அழைத்து வந்தார்கள். பாயில் ஷூ புத்தகம் தயாராக இருந்தது. அதிலிருந்த கேன்வாஸ் ஷூவைச் சர்தார் பாஷா கறுப்பு பாலிஷ் போட்டு முழுத் தோலாக மாற்றியிருந்தார். ஜெர்மன்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேமராவை எடுத்தார். பூரணி ஷூ புத்தகத்தை மடியில் வைத்து, பாலிஷை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"இருட்டிடுச்சு, வூட்டுக்குப் போலாம்."

இரண்டாம் பக்கத்துக்கு எல்லாக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஜெர்மன்காரர் மகிழ்ந்துபோய், என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். ஆங்கிலத்துக்குப் பொறுப்பு லோகநாதன். அவனுக்குப் பொருத்தமான மொழிபெயர்ப்பு தயாராகவே இருந்தது. ஷூ அழகாக இருக்கிறது என்று சொல்கிறார்கள் என்று சொன்னால் போதும், அவன் வேலை நிரந்தரம். வாயைத் திறக்கப் போனவன், தடுப்புக் கதவருகே படமெடுப்பதைப் பார்க்க வந்து நின்ற சந்திராவைக் கண்டான். அவள் கோபமாகப் பார்க்கவில்லை. இவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்கு முன்பே தெரிந்ததுபோல, தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் அவனைச் சுட்டது.

இருட்டிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிறார்கள் என்றான். தினம் சாயங்காலம் இப்படிச் சொல்கிறார்கள், தாய்மார்கள் அந்தப் பலகைக்குப் பின்னால் தைத்துக்கொண்டிருப்பார்கள் என்றும் கேட்காமலே சேர்த்துச் சொன்னான். கோதண்டபாணி இருமினார்.

ஜெர்மன்காரர் கேமராவைத் தாழ்த்தினார். குழந்தைகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மனதைத் தொட்டுவிட்டது என்று சொல்லி, பன்னிரண்டு படம் எடுத்தார். பிறகு ஜெனரல் மேனேஜர் அறையில் காப்பி குடித்துக்கொண்டே, அடுத்த வருஷத்துக்கு இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்து, சரக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வந்தாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அன்றைக்கும் இருட்டியது. குழந்தைகள் கூப்பிட்டார்கள். மெஷின்கள் நின்றன. கேட்டைத் தாண்டும்போது சந்திரா லோகநாதனைப் பார்த்து நின்றாள். பூரணியின் கையைப் பிடித்து அவனுக்கு டாட்டா காட்ட வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டியதைக் கோதண்டபாணி மாடியிலிருந்து பார்த்தார்.

மறுநாள் அவனுக்கு ஒரு உத்தரவு வந்தது. 'மொழிபெயர்ப்பில் தேவைக்கு மேற்பட்ட துல்லியம்' காரணமாக அவனது புரொபேஷன் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டிருந்தது. கமிட்டியும் உடனே கூடி, குழந்தைகளை மாலை நான்கரைக்கே தூங்கவைத்து, கப்பல் கிளம்பும் வரை எழுந்திருக்கவிடாத புத்தகம் ஒன்றைத் தேடுவதென்று தீர்மானித்தது.

"செலவப் பத்திக் கவலப்படாதீங்க. கொயந்தைங்க விஷயம்" என்றார் தலைவர்.

பங்குனியில் ஜெர்மனியிலிருந்து அந்தப் பத்திரிகை வந்தது. அட்டையிலேயே பூரணி, வாயைத் திறந்தபடி, விரலில் பாலிஷோடு. கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி. வேலூரில் ஜெர்மன் தெரிந்த ஒரு பாதிரியாரிடம் கொடுத்துத் தமிழாக்கி வாங்கிவந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் குழந்தைகள் அறையில் மாட்டினார்கள். இப்போதும் அங்கே தொங்குகிறது:

'எங்கள் ஷூக்களைத் தைக்கும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டு ஒருபோதும் விலகுவதில்லை. இரவானாலும் ஒரு பலகை தூரத்தில்தான் இருக்கிறார்கள்.'