கதவு தட்டும் பையனுக்கு வயது அறுபத்தேழு

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது.

இந்தக் கட்டடத்தில் ஆறு வீட்டிலும் எல்லாரும் நலம். இன்று காலை ஆறு கதவுகளையும் நானே தட்டி, உள்ளிருந்து வந்த குரல்களைக் காதால் கேட்டு உறுதி செய்த தகவல் இது. ஏழாவது வீடு என்னுடையது. அதில் இருப்பவர் நலம் என்பதற்கு அவர் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். நீ நலம் என்று உன் மனைவி தொலைபேசியில் சொன்னாள். நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அதையும் முழுதாக நம்புவதற்கில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற மாதம் மூன்றாம் மாடி வங்கிக்காரர் மகளோடு இருக்கப் போய்விட்டார். அவருக்கு அறுபத்தைந்து, அதுவரை எங்கள் கட்டடத்தின் பையன் அவர்தான். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியதும் பதவி என் தலையில் விழுந்தது. இந்த ஏற்பாடு கட்டடம் புதிதாக இருந்த நாளில் வந்தது. அப்போது வீட்டுக்கு நாலு பிள்ளைகள், படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. குழாயில் தண்ணீர் வந்ததும் இருப்பதிலேயே இளையவன் ஒவ்வொரு கதவாகத் தட்டி எழுப்ப வேண்டும். இப்போது தண்ணீர் எந்நேரமும் வருகிறது, பிள்ளைகள்தான் வருவதில்லை. ஆனாலும் தட்டுவதை நிறுத்தவில்லை. தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லத் தட்டியது போய், ஆள் இருக்கிறாரா என்று கேட்கத் தட்டுகிறோம். எனக்கு முழங்கால் மடங்காது என்று சங்கச் செயலாளரிடம் முறையிட்டேன். அவருக்கு எண்பத்தொன்று. "சின்ன வயசுல கொஞ்சம் ஓடியாடி வேலை செஞ்சாத்தான்யா உடம்பு நிக்கும்" என்றார்.

ஜனத்தொகை பெருகுகிறது, நிற்க இடமில்லை என்று முப்பது வருஷம் பத்திரிகையில் தலைப்புப் போட்டவன் நான். அந்தக் கூட்டம் எங்கும் போய்விடவில்லை தம்பி, என்னோடு சேர்ந்து வயதாகி, மருந்துக்கடை வாசலில் வரிசையில் நிற்கிறது. தெருமுனைப் பிரசவ ஆஸ்பத்திரியை மூட்டுவலி ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். நீ படித்த தொடக்கப்பள்ளி இப்போது முதியோர் பகல் இல்லம். பெஞ்சைக்கூட மாற்றவில்லை, காலை நீட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பொம்மைக் கடைக்காரர் ஊன்றுகோல் விற்கிறார். "பொம்மைக்கு வர்ற ஜனம் பேரம் பேசும், இதுக்கு யாரும் பேசறதில்ல" என்கிறார்.

போன புதன்கிழமை முதல் மாடித் தையல்காரர் கதவைத் தட்டினேன், குரல் இல்லை. மணியடித்தேன், கையால் குத்தினேன், "மாமா! மாமா!" என்று கத்தினேன், குரல் இல்லை. கை கதவைக் குத்திக்கொண்டே இருக்கிறது, ஆனால் பழக்கதோஷம், மனம் பாட்டுக்கு இரங்கல் செய்தியின் முதல் வரியை அமைத்துக்கொண்டிருக்கிறது, அவர் வயது எண்பத்து நாலா ஐந்தா என்று வேறு சந்தேகம், அதைக் கேட்க அவர் ஒருவர்தான் இருக்கிறார். பூட்டுக்காரருக்குப் போன் போட்டோம். அவர் தமது மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மகன் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தான், டாக்டர் குனியக் கூடாது என்றாராம். சாவித்துவாரமோ குனிந்தால்தான் தெரியும். ஏணி வைத்து ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. யார் ஏறுவது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நம்ம பையன் இருக்கானே!" என்றார் இரண்டாம் மாடிக் கணக்கு டீச்சர். ஏறினேன். உள்ளே தையல்காரர் மிஷினில் ஊசி கோத்துக்கொண்டிருந்தார். காதுக்கருவி மேஜைமேல் இருந்தது. பேட்டரி வீணாகிறதென்று கழற்றி வைத்திருக்கிறார். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்துத் திடுக்கிடக்கூட இல்லை மனுஷன். "ஜன்னல் துடைக்கிறியா? நல்லது. அந்த மூலையில ஒட்டடை இருக்கு பாரு" என்றார். துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அன்றிலிருந்து ஒரே கவலைதான் எனக்கு. எல்லார் கதவையும் தட்டுகிறேன், சரி. என் கதவை யார் தட்டுவார்கள்? பையனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்றுதானே நினைப்பார்கள்? உன் அண்ணி இருந்தவரை குறட்டை நின்றாலே உலுக்கி எழுப்பிவிடுவாள். மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான். திங்கட்கிழமை எனக்கு ஏதாவது ஆனால் அடுத்த ஞாயிறுதான் அவனுக்குச் சேதி. இப்போதெல்லாம் தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறேன். திருடன் வந்தாலாவது பார்த்துச் சொல்வான் இல்லையா?

ஆகவே தம்பி, வங்கிக்காரர் வீடு காலியாகத்தான் இருக்கிறது. உனக்கு அறுபத்திரண்டு, இங்கே அது துள்ளித் திரியும் வயது. நீ வந்தால் நீதான் பையன். முதல் கதவாக என் கதவைத் தட்டு, போதும். எப்போது வருகிறாய் என்று உடனே எழுது.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பேரப்பிள்ளைகள் இருந்தால் ஆசி சொல்லச் சொல்லலாம். உன் பிள்ளைகள் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதால், யோசிக்கிறவர்களுக்கே என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: நேற்று இவ்வளவையும் எழுதிவிட்டு இடுப்பு வலிக்கு மாத்திரை போட்டுப் படுத்தவன், இன்று காலை தூங்கிப்போனேன். கதவை யாரோ உடைக்கிற சத்தம். திறந்தால், ஆறு வீட்டாரும் வாசலில். டீச்சர் ஊன்றுகோலை ஓங்கியபடி, தையல்காரர் காதில் கருவியும் கையில் பெரிய கத்தரிக்கோலுமாக. "கதவு தாழ் போடலியே, தள்ளிப் பார்க்கக் கூடாதா?" என்றேன். யாருக்கும் தோன்றவில்லையாம். செயலாளர் மூச்சு வாங்கச் சொன்னார்: "விடிஞ்சதுலேர்ந்து அவங்கவங்க கதவுக்குப் பின்னாடி நாற்காலி போட்டு ஒக்காந்திருக்கோம்யா. நீ தட்டலேன்னா எங்களுக்குத் தெரியாமப் போயிடுமா?" தினமும் இப்படித்தானாம். நான்தான் அவர்களைக் கவனித்துக்கொள்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆகவே அவசரமில்லை. மேலும், வங்கிக்காரர் வீட்டைப் பார்க்க ஒரு இளம் ஜோடி வந்துவிட்டுப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம்; டீச்சர் நேரிலேயே கேட்டு உறுதி செய்தார். குழந்தை பிறந்தால் சட்டப்படி அதுதான் பையன் என்கிறார் செயலாளர், கட்டடத்தையே விடியுமுன் எழுப்பும் வேலையை யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டாமாம். வீடு பிடித்ததா என்று ஞாயிற்றுக்கிழமை மாலை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நீ மூட்டை கட்டாதே.