கத்தரி அண்ணாச்சி வெட்டாமல் விட்ட வால்

அடுத்தவர் பேச்சை அவர் பேசியபடியே திருப்பிச் சொல்லத் தெரிந்த ஒரே ஒரு மனிதரைத்தான் இந்த ஐம்பது வயதுக்குள் நான் பார்த்திருக்கிறேன். அவரால் எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நின்றது, ஒரு பங்காளிச் சண்டை தீர்ந்தது, தீர்ந்த சண்டை மறுபடி தொடங்கியது. சிவகாசியில் கத்தரி அண்ணாச்சி என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்.

நான் கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் வரைந்துகொண்டிருந்த அச்சகத்தில் அவர் கட்டிங் மிஷின் பார்த்தார். லேபிளோ காலண்டரோ, எது அச்சாகி வந்தாலும் ஓரத்தில் வெட்டுக்கோடு இருக்கும். கோட்டுக்கு வெளியே கத்தி இறங்கலாம்; உள்ளே இறங்கினால் முருகனுக்கு வேல் போகும், லட்சுமிக்கு விரல் போகும். அப்படிப் பிசகி வெட்டுப்பட்ட சாமி படத்தை எங்கள் அச்சகத்தில் கழிவுத்தாளோடு சேர்க்கமாட்டார்கள். கண்ணில் ஒற்றித் தனிச் சாக்கில் போட்டு, சாக்கு நிறைந்ததும் ஆனைக்குட்டம் அணைத் தண்ணீரில் விடுவார்கள். அந்தச் சாக்குக்கு அண்ணாச்சிதான் காவல்.

"அடுத்தவன் பேச்சும் சாமி படம் மாதிரிதாம்லே," என்பார். "வெள்ளை ஓரத்தை வெட்டு. மூஞ்சியை வெட்டாத."

இந்தச் சட்டத்தை டீக்கடை வரைக்கும் கொண்டுவந்தார். ஒருநாள் பைண்டிங் பிரிவுப் பையன் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, முதலாளி உங்களை முட்டாள்னு சொன்னாரு."

"அதுக்கு முன்னாடி என்ன சொன்னாரு?"

"முன்னாடியா… 'வேற கம்பெனிக்காரன் கூப்பிட்டா அவன் போயிருவானாக்கும்'னாரு."

"பின்னாடி?"

"'போறதுக்கு அவன் என்ன முட்டாளா'ன்னாரு."

"அப்ப நீ பேச்சைக் கொண்டு வரலை. கழிவைக் கொண்டு வந்திருக்க. டீயைக் குடிச்சிட்டுப் போ."

கல்யாணம் நின்ற கதையும் இப்படித்தான். அவருடைய சித்தப்பா மகனுக்குப் பெண் பார்த்த தரகர், "பொண்ணு வீட்டுல சம்மதம்னுட்டாக," என்று சொல்லிவிட்டுக் காபிக்குக் கை நீட்டினார். அண்ணாச்சி காபியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்தம்மா சொன்னதை அப்படியே சொல்லுங்க."

தரகர் நெளிந்தார். "'மாப்பிள்ளை குடியை விட்டா எங்களுக்குச் சம்மதம்'னாக."

சித்தப்பா குடும்பம் அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் அண்ணாச்சியைக் கூப்பிடவில்லை. பத்திரிகை மட்டும் அச்சகத்தில் அவர் கையால் வெட்டுப்பட்டுப் போகும்.

இப்படிப்பட்ட ஆளிடம் இணையம் வந்து சேர்ந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரௌசிங் சென்டர் முளைத்தது. எங்கள் வட்டாரத்துக்காரர்கள் ஒரு மின்னஞ்சல் குழு நடத்தினார்கள். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். பதில் எழுதினால், முந்தைய மடல் முழுவதும் வரிக்கு வரி ஓர் அம்புக்குறியோடு புது மடலில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதில் எழுதினால் இரண்டும் ஒட்டும். யாரும் எதையும் வெட்டமாட்டார்கள். அண்ணாச்சி அந்தத் திரையை முதல்முதலாகப் பார்த்தபோது, மலைபோல் குவிந்த கழிவுத்தாளைப் பார்த்தவர் முகம் அவருக்கு.

ஒற்றை விரலால் தட்டித் தட்டிச் சட்டம் எழுதினார். எதற்குப் பதிலோ அந்த வரியை மட்டும் வையுங்கள். வெட்டிய இடத்தில் புள்ளி வையுங்கள். சொன்னவர் பெயரைப் போடுங்கள். அவர் பேச்சு மேலே, உங்கள் பதில் கீழே. கேள்விக்கு முன்னால் எவனாவது பதில் சொல்லுவானா?

இந்தச் சட்டத்தைக் காலில் போட்டு மிதித்தவர் ஷார்ஜா பாய். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்த குடும்பம்; அவர் ஷார்ஜாவில் கடை வைத்திருந்தார். எண்ணெய் பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போடுவதா, தொட்டுக்கொள்வதா என்று குழு ஒரு மாதம் அடித்துக்கொண்டது. கடைசியில் பாய் வந்து, 'ஆமாண்ணாச்சி' என்று ஒரு சொல் எழுதினார். அதன் அடியில் ஒரு மாதச் சண்டையும் தொங்கியது. அந்தப் பக்கம் திறப்பதற்குள் எங்கள் டீ ஆறிப்போனது.

'பாய், ஒரு சொல்லுக்கு எம்புட்டு நீளம் வால்?' என்று அண்ணாச்சி எழுதினார்.

'வெட்டச் சொல்றீக அண்ணாச்சி. எது ஓரம், எது மூஞ்சின்னு எனக்குத் தெரியாதுல. நீங்க எழுதினதுல நான் கத்தி வைக்க மாட்டேன்' என்று பதில் வந்தது. அதன் அடியிலும் அந்த ஒரு மாதம்.

"சோம்பேறித்தனத்துக்கு மரியாதைன்னு பேர் வைக்காரு," என்று அண்ணாச்சி புலம்பினார். நான் சிரித்தேன். சிரிப்பதற்கு அப்போது எங்களிடம் நேரம் இருந்தது.

அந்த வருஷத் தீபாவளிச் சீசனில், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஓர் அறை வெடித்தது. மூன்று பெண்கள் வீடு திரும்பவில்லை. திரும்பியவர்களில் ஒருத்தி குருவம்மா, அண்ணாச்சியின் ஒரே தங்கை. இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அண்ணாச்சி நேராகப் பிரௌசிங் சென்டருக்கு வந்தார். தன் சட்டப்படியே எழுதினார். எதிராளி பேச்சு மேலே, பதில் கீழே.

'கம்பெனியில சொல்றாக: பொம்பளைக கவனமில்லாம மருந்தைத் தேச்சாக, அதான் பிடிச்சிருச்சு. எந்தங்கச்சி குருவம்மா சொல்றா: நாலு பேர் இருக்க வேண்டிய ரூமுல ஆர்டர் அவசரம்னு எங்களை அடைச்சு வச்சாக. வேண்டாம்னு சொன்னோம். கேக்கலை.'

குழுவில் ஊர்நேசன் என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒருவன் கத்தியை எடுத்தான். பட்டாசு ஏஜென்ட் என்று பேச்சு. அண்ணாச்சியின் பெயரை மேலே போட்டான். அம்புக்குறி போட்டான். 'பொம்பளைக கவனமில்லாம மருந்தைத் தேச்சாக' என்ற துண்டை மட்டும் வைத்தான். கீழே எழுதினான்: 'அடிபட்டவளோட அண்ணன் வாயாலேயே வந்துருச்சு.' வெட்டிய இடத்தில் புள்ளி வைக்கவில்லை.

குழுவை நடத்தியவர் பயந்துபோய், கேஸ் கீஸ் வரும் என்று அண்ணாச்சியின் மடலை அழித்தார். துண்டை அழிக்கவில்லை. அதை யாரோ பிரிண்ட் எடுத்து, செத்தவர்கள் குடியிருந்த தெருவின் டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். அன்றைக்குத்தான் அண்ணாச்சியின் சொந்தப் பெயரை ஊர் அச்சில் பார்த்தது.

குருவம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

"செத்தவளுக பிள்ளைக மூஞ்சியில நான் எப்படி முழிக்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். அண்ணாச்சி வாசலில் நின்றார். முன்னாடி என்ன, பின்னாடி என்ன என்று ஊரையே கேட்ட மனிதருக்கு, தன் பேச்சின் முன்னும் பின்னும் கையில் இல்லை. மின்னஞ்சல் பெட்டி நிறைந்துவிடும் என்று அனுப்பிய மடல்களை அவர் வைத்துக்கொள்வதே இல்லை; குழு மடல்களை நாங்களும் படித்ததும் அழித்துவிடுவோம்.

சுவரிலிருந்த தாளை நனைத்து, கிழியாமல் உரித்து அச்சகத்துக்குக் கொண்டுவந்தார். நான் கசக்கிப்போடக் கை நீட்டினேன்.

"குப்பையில போடக்கூடாதுப்பா. தலை போனது." கண்ணில் ஒற்றிக்கொண்டு அதைச் சாமிச் சாக்கில் போட்டார்.

மறுநாள் அவர் பெட்டியைத் திறந்து துழாவினோம். ஷார்ஜா பாயின் மடல் ஒன்று இன்னும் பிரிக்காமல் கிடந்தது. 'ஆமாண்ணாச்சி.' அவ்வளவுதான். நான் திரையில் கீழே இறங்கினேன். அம்புக்குறி, அம்புக்குறி, வரிக்கு வரி. வெட்டப்படாமல், ஓரமும் மூஞ்சியுமாக, அண்ணாச்சி எழுதியது முழுசும் அந்த வாலில் கிடந்தது. எங்கள் குழுவிலேயே ஒழுக்கம் கெட்டவர் என்று பெயர் வாங்கிய மனிதர் ஒருவர்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு நான்தான் குருவம்மா வீட்டுக்குப் போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று படித்தேன். முதல் வரியிலிருந்து கடைசிச் சொல் வரை.

"எல்லாம் சரி," என்றாள். "அவுக பேச்சை அண்ணன் ஏன் மேல வச்சான்? எம்பேச்சு ஏன் கீழ?"

அவள் கேட்டதை, ஒரு சொல் குறையாமல், அண்ணாச்சியிடம் ஒப்படைத்தேன். அவர் கத்தியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். முன்னாடி என்ன சொன்னா, பின்னாடி என்ன சொன்னா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் குழுவுக்கு ஒரு மடல் போட்டார். குருவம்மா என்ற பெயர். அதன் கீழே அவள் சொன்னது. கம்பெனி சொன்னது எங்கும் இல்லை, அவர் பதிலும் இல்லை. அவருடைய சட்டத்தை அவரே உடைத்து எழுதிய ஒரே மடல் அது.

கேஸ் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். அந்த ஆலை வேறு பெயரில் அடுத்த தீபாவளிக்கு வெடி விற்றது. அந்த வெடிப் பெட்டிக்கு லேபிள் வரைந்து கொடுத்ததும் எங்கள் அச்சகம்தான், வெட்டிக் கொடுத்ததும் அண்ணாச்சிதான். சோறு வேண்டுமே. இன்றைக்குச் செல்போனில் தலையில்லாத பேச்சுகள் காலையிலிருந்து வந்து விழுகின்றன. அதற்கெல்லாம் சாக்கு பிடிக்க ஆளில்லை.

குருவம்மா கதவைத் திறந்துவிடவில்லை. தாழ்ப்பாள் போடுவதை மட்டும் நிறுத்தினாள்.

அந்தக் கடைசி மடலுக்கு ஒரே ஒரு பதில் வந்தது. ஷார்ஜாவிலிருந்து. 'ஆமாம்மா.' அடியில் அவள் பெயரும் பேச்சும் அம்புக்குறியோடு முழுசாகத் தொங்கின. அதற்கும் கீழே, எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ, ஒரு மாதப் பரோட்டாச் சண்டை.

அண்ணாச்சி ஒற்றை விரலால் கீழே இறங்கிக்கொண்டே போனார். வால் முடிகிற இடம் வரை போனார்.

"பாய்க்கு எழுதவா, வெட்டச் சொல்லி?" என்றேன்.

"இருக்கட்டும்லே."

சென்டர்காரர் விளக்கை அணைக்க வந்தபோதும் அந்தப் பக்கத்தை அவர் மூடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.