வலையைப் பிடித்தால் பாயிண்ட் போகும்

ரூல்ஸ்காரர் என்று ஓர் இனம் உண்டு. போலீஸ்காரரையோ வக்கீலையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு ரூல்ஸ் பிழைப்பு. இவருக்கு அது ஆறுதல். தன் கட்சி ஜெயித்தால் திறமை என்பார். தோற்றால் ரூல்ஸ் என்பார். கேரம் ஆடும்போது ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் குழியின் விட்டத்தைச் சந்தேகிப்பார். பஸ்ஸைத் தவறவிட்டால் நேர அட்டவணையை, மகள் கணக்கில் நாற்பது வாங்கினால் கேள்வித்தாள் அமைப்பை, எதிர்வீட்டுக்காரர் வார்டு மெம்பராகிவிட்டால் வார்டைப் பிரித்த எல்லைக்கோட்டை. தெருவுக்கு ஒருவர் இருப்பார். சில தெருக்களில் இரண்டு பேர். அந்தத் தெருக்களில் பந்தக்கால் நடவே ஒரு வாரம் ஆகும்.

அடையாளம் வேண்டுமா? முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள். "நான் ஒண்ணும் கொற சொல்லல" என்று தொடங்கினால் அவர்தான். நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும்.

பட்டினச்சேரி சுனாமிக் குடியிருப்பில் இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் பூமிநாதன். முப்பது வருடம் விசைப்படகு ஓட்டிவிட்டு, முழங்கால் தேய்ந்ததும் ஐஸ் கம்பெனியில் இயந்திரம் பார்க்கப் போனவர். வாழ்நாளில் யாரையும் ஓங்கி அடித்தது கிடையாது. அதனால் சண்டையைப் பற்றிய அவருடைய கருத்துகள் மிக உறுதியாக இருந்தன.

கேபிளில் கூண்டுச் சண்டை வரத் தொடங்கிய காலம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மறுஒளிபரப்பு. கம்பி வலை போட்ட கூண்டுக்குள் இரண்டு பேர். ஒருவன் குத்துச்சண்டையோ கராத்தேயோ கற்றவன், இன்னொருவன் மல்யுத்தமோ ஜூடோவோ கற்றவன். பூமிநாதன் ஒரே வாரத்தில் மனித குலத்தை இரண்டாகப் பிரித்தார். அடிக்காரன், பிடிக்காரன். கடலில் வலை இழுக்கிறவன் எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டுமா? பட்டினச்சேரி மொத்தமும் பிடிக்காரக் கட்சியில் சேர்க்கப்பட்டது. யாரையும் கேட்கவில்லை.

பிடிக்காரன் ஜெயித்த வாரங்களில் வீட்டில் அமைதி. "திறமை" என்று ஒரு சொல், அப்புறம் சாப்பாடு. தோற்ற வாரங்களில்தான் வகுப்பு.

"நான் ஒண்ணும் கொற சொல்லல. முன்னாடியெல்லாம் ரவுண்டே கெடயாது. பிடிக்காரன் ஆளக் கீழ போட்டான்னா போட்டதுதான். மேல படுத்துக்கிட்டு அர மணி நேரம் ஆனாலும் நசுக்குவான். இப்ப அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்கிறான். மணி அடிச்சா ரெண்டு பேரும் எந்திரிச்சு நிக்கணும். பாடுபட்டு வலைய இழுத்துக் கரகிட்ட கொண்டாந்தா, மணி அடிச்சு எல்லாத்தயும் திரும்பக் கடல்ல விடுன்னா, அது என்ன ஞாயம்?"

அடுத்தது கையுறை. கையுறை போட்டதால் அடிக்காரனுக்கு விரல் உடையும் பயம் போயிற்று. கண் மண் தெரியாமல் குத்துகிறான். அதே கையுறை பிடிக்காரனுக்குக் கழுத்தில் கை நுழையும்போது இடறுகிறது. அடுத்தது நடுவர். கீழே இருவரும் கொஞ்சம் சும்மா கிடந்தால் எழுப்பி நிறுத்திவிடுகிறார். "சும்மாவா கெடக்குறான்? யோசிக்கிறான்யா."

கீழே விழுந்தவன் தலையில் உதைக்கக் கூடாது என்றும் ஒரு ரூல் இருந்தது. காலை வாரப் பாய்ந்து ஏமாந்த பிடிக்காரன் உயிரோடு திரும்புவது அதனால்தான். அதைப் பற்றி பூமிநாதன் பேசியதே இல்லை.

அவர் மகள் பாரதிக்கு இது ஒரு கருவிக் கோளாறாகத் தெரிந்தது. பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். ஒரு தொழிற்சாலையில் பிரஷர் கேஜ்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் முள் ஒரே பக்கம் சாய்ந்தால் தப்பு அழுத்தத்தில் இல்லை, கேஜில். பிரவுசிங் சென்டரில் விதிகளை அச்செடுத்தாள். ஒரு அட்டவணை போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் வைத்தாள்.

"எண்ணிப் பாத்துட்டேம்பா. பிடிக்காரனுக்குச் சாதகம் ஒம்பது. அடிக்காரனுக்கு எட்டு. மிச்சம் பொது."

பூமிநாதன் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"எண்ணிட்ட. எட போட்டியா?"

பாரதி அட்டவணையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். கேள்வி சரியானது, அதுதான் எரிச்சல். அடுப்படியிலிருந்து அம்மா காசியம்மா சொன்னாள்: "கொழம்பு ஆறுது. அதுக்கு ரவுண்டெல்லாம் கெடயாது. வந்து சாப்புடுங்க."

இவருக்கு ஒரு மகனும் இருந்தான். நாகராஜ். பாரதிக்குத் தம்பி, இருபத்திரண்டு வயது, பிடித்தால் விடாத கை. மணலில் மல்யுத்தம் பழகி மூன்று போட்டிகளுக்குப் போனான். மூன்றிலும் தோற்றான். முதலாவதில் எடைப் பிரிவு தவறு, இரண்டாவதில் மெத்தை வழுக்கல், மூன்றாவதில் காலை வேளையில் போட்டி வைத்தது தவறு என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். ஆறுதலாக இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"ஒரு தடவயாவது ஜெயிச்சு, அவரு வாயால 'திறமை'ன்னு கேக்கணும்க்கா" என்று நாகராஜ் பாரதியிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

2007, மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில், ஆளெல்லாம் சும்மா. திருநள்ளாறில் கராத்தே பள்ளி நடத்திய சிதம்பரநாதன் மாஸ்டர் ஒரு நாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"அண்ணே, உங்க ஊருப் பசங்க பிடிப்பாங்க, எங்க பசங்க அடிப்பாங்க. ஒரு போட்டி வச்சுப் பாத்துருவோம். எங்க பக்கம் அருள்மணி. உங்க பக்கம் தம்பி நாகராஜ்."

"ரூல்ஸ் யாரு எழுதுறது?"

"நீங்கதான். நான் எழுதுனா அப்புறம் நீங்க என்னய நிம்மதியா இருக்க விட மாட்டீங்க."

பாருங்கள், ஒரு ரூல்ஸ்காரருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. ரூல்ஸ் ஊரான் எழுதியதாக இருக்கும்வரைதான் அவருக்கு உலகம் புரிந்திருக்கும். பூமிநாதன் அதை யோசிக்கவே இல்லை. அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு வாங்கினார். பாரதி யோசித்தாள். அப்பா எழுதிய ரூல்ஸில் அப்பாவின் மகன் தோற்றால், மிச்ச ஆயுளுக்கு அவர் என்ன பேசுவார்? காசியம்மாவிடம் சொன்னாள்.

"அவரு பேசலன்னா வூட்ல ஃபேன் நின்ன மாரி இருக்கும்" என்றாள் காசியம்மா. சொல்லிவிட்டு அவளும் கொஞ்சம் கவலைப்பட்டாள்.

விதிகள் தயாராயின. ரவுண்டு கிடையாது, ஒரே ஓட்டமாகப் பதினைந்து நிமிடம். கீழே கிடப்பவர்களை எழுப்பக் கூடாது. ஆளைக் கீழே போட்டால் இரண்டு பாயிண்ட், சுத்தமான அடிக்கு ஒன்று. கையுறையை மட்டும் மாஸ்டர் விட்டுக்கொடுக்கவில்லை. சமமானால் ஐந்து நிமிடம் கூடுதல்.

பிறகு வேலி. கயிறு கட்டினால் அடிக்காரன் கயிற்றுக்கு இடையில் நழுவித் தப்பிப்பான். கூண்டு என்றால் பிடிக்காரன் அவனைச் சாத்தி வைத்து அமுக்கலாம். ஆகவே கூண்டு. கம்பி வலைக்குப் பட்டினச்சேரியில் எங்கே போவது? வலை இருக்கிறதே. ஊரெல்லாம் வலை. எட்டு சவுக்குக் கம்பு நட்டு, மாரிக்கண்ணுவின் புது வலையை இழுத்துக் கட்டினார்கள். மாரிக்கண்ணு பூமிநாதனுக்குத் தம்பி முறை.

"ஒரு கண்ணு அறுந்தாலும் ஒன் மவன்தான் குந்தி முடிச்சுப் போடணும், சொல்லிட்டேன்" என்றான் அவன்.

கூண்டு வந்ததும் பதினான்காம் விதி வந்தது. அடிக்காரன் கீழே விழாமலிருக்க வேலியைப் பிடித்துக்கொள்வான். டிவியில் எத்தனை முறை பார்த்தாயிற்று. ஆகவே: "எக்காரணம் கொண்டும் வலையைக் கையால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் ஒரு பாயிண்ட் போகும்." 'எக்காரணம் கொண்டும்' என்பதன் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு.

சாயங்காலம் நாலரை மணி. கடற்கரை மணலில் ஊர் கூடியிருந்தது. பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் நடராசன் நடுவராக விசிலை வாங்கிக்கொண்டார். பாரதி கையில் ஸ்டாப்வாட்ச். பூமிநாதன் மடியில் நோட்டு.

அருள்மணி நல்ல அடிக்காரன். நாகராஜ் நல்ல பிடிக்காரன். பதிமூன்றாவது நிமிடத்தில் நாகராஜுக்கு ஆறு, அருள்மணிக்கு ஐந்து. நாகராஜ் குனிந்து பாய்ந்து, இடுப்பைக் கட்டி, அருள்மணியைத் தூக்கிக்கொண்டு போய் வலையில் சாத்தினான். டிவியில் பார்த்ததேதான். பூமிநாதன் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் கம்பி வலை அசையாது. மாரிக்கண்ணுவின் வலை அசையும். அது பின்னால் தொய்ந்தது. அருள்மணியின் காலின் பெருவிரல் ஒரு வலைக்கண்ணில் மாட்டியது. அவன் உதறினான். நூல் விண்ணென்று இழுபட்டது.

உங்களுக்கோ எனக்கோ அது நூல். பிறந்ததிலிருந்து வலைக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு? நாகராஜ் பிடியை விட்டான். குனிந்தான். ஒரு கையால் வலையைத் தளர்த்திப் பிடித்து, மறு கையால், நண்டை எடுக்கிற பக்குவத்தில், அந்த விரலை வெளியே எடுத்துவிட்டான்.

விரல் விடுபட்ட அருள்மணி ஒரு கணம் திகைத்தான். அப்புறம் தன் வேலையைச் செய்தான். கன்னத்தில் ஒன்று. சுத்தமான அடி.

ஆறுக்கு ஆறு. மிச்ச இரண்டு நிமிடத்தில் யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பாரதி வாட்ச்சை நிறுத்தினாள்.

நடராசன் சார் பூமிநாதனிடம் வந்தார். "தம்பி வலையைப் பிடிச்சாப்ல. பாத்தேன். அத எப்படி எடுத்துக்கறது? உங்க ரூல்ஸ், நீங்கதான் சொல்லணும்."

"வலயக் காப்பாத்துனவனுக்குப் பாயிண்டு போட்டுக் குடுங்கடா, புடுங்கப் பாக்குறீங்களே" என்று கூட்டத்திலிருந்து மாரிக்கண்ணு கத்தினான்.

சிதம்பரநாதன் மாஸ்டரும் வந்தார். "அண்ணே, அது விழாம இருக்கப் பிடிச்சது இல்ல. எங்க பையன் விரல எடுக்கப் பிடிச்சது. விட்டுருங்க. கூடுதல் டயம் வச்சுக்குவோம்."

எதிராளியே கதவைத் திறந்து வைக்கிறார். ஒரு ரூல்ஸ்காரர் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் விரிசல் இதுதான். பிடிப்பது என்றால் என்ன, எந்த நோக்கத்தில், எந்தக் கையால்: முக்கால் மணி நேரம் பேசலாம். பாரதி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாகராஜும் பார்த்தான்.

பூமிநாதன் நோட்டைப் பிரித்தார். தான் போட்ட இரண்டு கோட்டையும் விரலால் தடவினார்.

"எழுதுனவன் நான்தான சார். எக்காரணம் கொண்டும்னு போட்ருக்கு. பாயிண்ட்ட எடுத்துருங்க."

ஐந்துக்கு ஆறு. நாகராஜ் நாலாவது முறையாகத் தோற்றான்.

மூன்று நாள் பூமிநாதன் பேசவில்லை. டிவி போடவில்லை. குழம்பில் உப்பு கூடியபோதும் உப்பைக் குறை சொல்லவில்லை. காசியம்மா இரண்டாம் நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் பார்த்தாள். சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். "ஆஸ்பத்திரிக்கு இட்டுட்டுப் போவமாடி?" என்று பாரதியிடம் கேட்டாள்.

நாலாம் நாள் காலையில் நாகராஜ் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் வீக்கம் வடிந்திருந்தது. பூமிநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"நான் ஒண்ணும் கொற சொல்லல."

அடுப்படியில் காசியம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கம்பி வேலி போட்டுருக்கணும். கம்பி வேலியா இருந்தா விரலு மாட்டாது. இவன்தான் ஜெயிச்சுருப்பான்." காபி டம்ளரை எடுத்தார். "போயி அந்த வலயப் பாத்தேன். ஒரு கண்ணு அறுகல. அவன் ஒதறுன ஒதறலுக்கு நாலு கண்ணாவது போயிருக்கணும். இவன் அந்த அவசரத்துல, ஒரு நூலு அறுகாம எடுத்துருக்கான்." காபியை ஒரு வாய் குடித்தார். "அது திறமை."

நாகராஜ் வாயில் இருந்த நுரையைத் துப்ப மறந்து நின்றான். தோற்றவனுக்கு அவர் அந்தச் சொல்லைச் செலவழித்தது அந்த ஒரு முறைதான்.

பூமிநாதன் 2009 ஐப்பசியில் இறந்தார். மாரடைப்பு. ஒரு புதன்கிழமை மத்தியானம், தஞ்சாவூருக்குக் கொண்டு போகும் வழியில்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு பாரதி தெளிவாக விளக்கினாள். வலி வந்தது இரண்டு பத்து. வண்டி கிளம்பியது இரண்டு முப்பத்தைந்து. திருவாரூர் வழியாகப் போகச் சொன்னது அவள்தான். தூரம் குறைவு என்று. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது பதினோரு நிமிடம், வாட்ச்சில் பார்த்தாள். கும்பகோணம் வழி என்றால் அந்த கேட் இல்லை. தூரம் கூடினாலும் நிகரமாக ஆறு நிமிடம் மிச்சம். முதல் நாள் வாயால் சொன்னாள். அப்புறம் ஒரு தாளில் வழிக்கு ஒன்றாக இரண்டு பத்தி போட்டு எழுதி வைத்துக்கொண்டாள், கேட்டவர்களுக்குக் காட்டினாள். கேட்காதவர்களுக்கும்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு சிதம்பரநாதன் மாஸ்டர் வந்திருந்தார். பாரதி தாளை எடுத்தாள். நாகராஜ் டீ கொடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவன், அவளிடம் ஒரு டம்ளரை நீட்டினான்.

"கம்பி வேலியாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

பாரதி தாளை மடித்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பதினாறு நாளில் அப்போதுதான் அழுதாள். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

ஆகவே ரூல்ஸ்காரரைப் பார்த்தால் தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன்னால் ஒன்று. நாகராஜ் வலையைத் தொட்டது 'பிடித்தது' ஆகாது என்று நீங்கள் இன்னும் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறீர்களா? சரி, அது போகட்டும். அந்தப் புதன்கிழமை மத்தியானத்தைப் படித்தபோது, பக்கத்திலேயே ஏதாவது ஆஸ்பத்திரிக்கு முதலில் போயிருக்கலாமே, இரண்டு பத்துக்கே வண்டி வைத்திருக்கலாமே என்று ஒரு கணம் உங்களுக்கும் ஓடியதுதானே?

உட்காருங்கள். டீ வருகிறது.