காலண்டரும் மூன்று சிபாரிசுக் கடிதங்களும்

கத்தியைத் தொடாமலே சர்ஜன் ஆகிவிடலாம் என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டக் கிளம்பிய ஒரே மனிதன் எங்கள் காலண்டர்தான். கிட்டத்தட்ட நிரூபித்தும் விட்டான். கடைசி நேரத்தில் ஒரு அம்மாள் குறுக்கே வந்து கெடுத்துவிட்டார்.

எழுபதுகளின் பின்பாதி. வேலூரில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, ஹவுஸ் சர்ஜன் என்ற பெரிய பட்டத்தோடு சின்னச் சின்ன எடுபிடி வேலைகள் செய்துகொண்டிருந்தோம். ஹாஸ்டலில் அவனும் நானும் ஒரே அறை. சொந்தப் பெயர் விரிஞ்சிபுரத்தில் அவன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவன் காலண்டர்.

அப்போது ஹாஸ்டலில் பாதிப் பேருக்கு அமெரிக்கக் காய்ச்சல். அங்கே சர்ஜரி பயிற்சிக்கு இடம் வேண்டுமென்றால் மூன்று சர்ஜன்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு ஒவ்வொருவர் யூனிட்டிலும் இரண்டு மாதம் போஸ்டிங் வாங்கி, அவர் கண்ணெதிரே உழைக்க வேண்டும். நாங்கள் எப்படி உழைப்பது என்று யோசித்தோம். காலண்டர், எந்த இரண்டு மாதம் என்று மட்டும் யோசித்தான்.

"டேய், சீஃபுங்களுக்குக் கடைசி ரெண்டு வாரந்தான்டா ஞாபகம் இருக்கும். மொத மாசம் நீ மாடா உழைச்சாலும் வேஸ்ட்டு" என்பான்.

எங்கள் அறைச் சுவர் முழுக்க அவன் ஒட்டிய அட்டவணை. எந்த சீஃப் எப்போது லீவு, யார் வீட்டில் எப்போது கல்யாணம், யாருக்கு வெயில் ஏறினால் கோபம் ஏறும், எல்லாம் அதில் உண்டு. மற்ற அறைப் பையன்கள் ஜாதகம் பார்க்க வருவது போல வந்து போவார்கள். "மே மாசம் அந்த யூனிட் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதே. அவரு பையனுக்கு ரிசல்ட் வர்ற மாசம். பாஸ் பண்ற பையன் கெடையாது" என்பான். அப்படியே நடக்கும்.

முதல் கடிதத்துக்கு அவன் குறிவைத்தது சர்க்கரை சாரை. நீரிழிவு ஒன்றும் இல்லை, பேச்சுதான் அப்படி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். விபூதிப் பட்டையைக் காலையில் அழித்துவிட்டுக் காலண்டர் போய்ப் பாடகர் குழுவில் சேர்ந்தான். ஒரே ஒரு வரி பாடினான். சர்க்கரை சார் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, நீ பாட வேணாம்ப்பா. ஆர்மோனியத்துக்குப் பக்கம் புரட்டு."

அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பாட்டு இரண்டாவது சரணத்தில் இருக்கும்போதே இவன் நாலாவது சரணத்துக்குப் புரட்டிவிடுவான். எதிர்காலத்திலேயே குடியிருந்தவன், என்ன செய்வது?

ஆபரேஷன் தியேட்டரில் இன்னும் மோசம். சார் தலை நிமிர்ந்தால் முதலில் தன் முகம்தான் தெரிய வேண்டும் என்று இடம் பார்த்து நிற்பான். ஒருநாள் வயிற்றின் ஓரத்தை விலக்கிப் பிடிக்கும் கொக்கியை இவன் கையில் கொடுத்திருந்தார்கள். சார் வேலையை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, எதப் பிடிச்சி இழுக்கிற?"

இவன் குனிந்து பார்த்தான். "உங்க விரல சார்."

அப்படியும் கடிதம் கிடைத்தது. 'என் அனுபவத்தில் இவரைப் போல் ஒரு மாணவரைக் கண்டதில்லை' என்று எழுதியிருந்தார். சர்க்கரை சார் எல்லாருக்கும் அதையேதான் எழுதுவார். எங்கள் சீனியர்கள் இரண்டு பேர் ஒரே அமெரிக்க ஆஸ்பத்திரிக்கு மனுப் போட்டு, 'நீங்கள் இருவரும் ஒரே ஆளா?' என்று அங்கிருந்து விசாரணை வந்த கதையும் உண்டு.

இரண்டாவது கடிதம் ரிட்டையர் ஆகப்போகும் ஒரு சீஃபிடம். தன் போஸ்டிங் முடியும் நாளும் அவர் ஓய்வு பெறும் நாளும் ஒன்றாக வரும்படி காலண்டர் அமைத்துக்கொண்டான். கழுத்தில் மாலை, கண்ணில் தண்ணீர். அந்த நேரத்தில் எதை நீட்டினாலும் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். இவன் கடிதத்தை நீட்டினான்.

மூன்றாவதுதான் உச்சம். சீமைக்குப் போயிருந்த ஒரு சீஃப், திரும்பி வருகிற வாரத்தில் இவன் போஸ்டிங் ஆரம்பம். "சீமைலேர்ந்து வந்தவுடனே மனுசன் சந்தோசமா இருப்பாருடா. எதுவும் கேக்காம எழுதிடுவாரு." எல்லாம் சரி. அந்த மனிதர் லீவை நீட்டிவிட்டார். யூனிட்டைப் பார்த்துக்கொள்ள இன்னொரு சர்ஜனான மேடம் வந்தார்.

மேடம் குட்டையாக இருப்பார். கதர்ப் புடவை. யாராவது தன் காலில் விழுந்தாலும் சுற்றிக்கொண்டு நடந்துவிடுவார். அவரைப் பற்றி மட்டும் அட்டவணையில் ஒரு குறிப்பும் கிடையாது. காரணம், அவருக்குக் கோபத்துக்கும் சந்தோஷத்துக்கும் சீசன் இல்லை. வருஷம் முழுக்க ஒரே முகம்.

அந்த யூனிட்டில் நானும் இருந்தேன். முதல் நாளே காலண்டர் பேச்சை ஆரம்பித்தான்.

"மேடம், அமெரிக்காவுக்கு ஒரு லெட்டர்..."

"நீ போட்ட தையல நான் பிரிச்சுப் பாத்தப்புறம் எழுதறேன். இதுவரைக்கும் எத்தன தையல் போட்டிருக்கே?"

காலண்டர் கொஞ்சம் யோசித்தான். "நெறையப் பாத்திருக்கேன் மேடம்."

மறுநாள் அவனை ஆம்பூருக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. தோல் பதனிடும் டேனரியில் மிஷினுக்குள் கையைக் கொடுத்தவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். சீஃப் கிடையாது, பாடகர் குழு கிடையாது, பார்த்துப் பாராட்ட ஆளே கிடையாது. டாக்டர் என்று இவன் ஒருவன், கூட ஒரு சிஸ்டர், அவ்வளவுதான். பஸ் ஏறும்போது காலண்டர் அழாத குறை. "பிரியாணியாவது கெடைக்கும்டா" என்று நான் ஆறுதல் சொன்னேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவனிடமிருந்து தகவலே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வரவில்லை. எந்த சீஃபை எப்போது பிடிப்பது என்று தெரியாமல் ஹாஸ்டலே தத்தளித்தது. மனு அனுப்பக் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று காலை மேடமே என்னை நிறுத்தினார்.

"உன் தோஸ்த் எங்க? லெட்டர் கேக்கவே காணோமே?"

அலறியடித்துக்கொண்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் கையில் துணி சுற்றியபடி சிலர் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டரிடம் காலண்டரைக் கேட்டேன்.

"டாக்டரா? உள்ள தச்சிக்கினு இருக்காரு. செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்றவர், தானாகவே தொடர்ந்தார். "மொத வாரம் பேஜாராப் போச்சுங்க. ஊசியில நூலே கோக்க வரல. டேனரிலேர்ந்து துண்டுத் தோலு வாங்கியாந்து தச்சுப் பழகுங்கன்னேன். ஷூ கம்பெனி ஆளு ஒருத்தரு அதப் பாத்துட்டு, இன்னா டாக்டரே, எங்க கம்பெனியில இத ரிஜெக்ட் பண்ணிடுவாங்களேன்னுட்டாரு. டாக்டருக்கு ரோஷம் வந்துடுச்சி. அன்னிலேர்ந்து கீழ வெக்கல ஊசிய."

உள்ளே சலீம் பாய் என்ற டேனரித் தொழிலாளி மேஜை மேல் கையை நீட்டியிருந்தார். காலண்டர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தான். நான் வந்ததை அவன் கவனிக்கவில்லை. தன்னை யார் பார்க்கிறார்கள் என்று அவன் பார்க்காமல் இருந்ததை அன்றுதான் முதல்முறையாகக் கண்டேன்.

"டேய், கெளம்புடா! இன்னிக்கு சாயங்காலம் தபால்ல சேக்கலன்னா அவ்ளோதான்!"

அவன் நிமிராமல் கேட்டான். "இன்னிக்கு இன்னா தேதி?"

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தேதியைச் சொன்னேன். ஊசி ஒரு நொடி நின்றது. ஒரு வருஷத் திட்டம், சுவரெல்லாம் அட்டவணை, ஆர்மோனியம், மாலை, கண்ணீர் எல்லாம் அவன் கண்ணில் ஓடியிருக்க வேண்டும்.

சலீம் பாய்க்கே மனது கேட்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க டாக்டர் சாப். நான் அப்பறமா வர்றேன்" என்று, பாதி தைத்த கையோடு எழுந்திருக்கப் பார்த்தார்.

"கம்முனு ஒக்காருங்க பாய். நாலு விரல் ஆயிடுச்சி, கட்டை விரல் பாக்கி" என்றான் காலண்டர். முடித்துவிட்டு வெளியே பெஞ்சைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நீ போடா" என்றான். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பி, "அடுத்து யாரு?"

கடைசித் தேதி போய்விட்டது. மறுவாரம் மேடம் ஆம்பூருக்கு வந்தார், பையைத் தூக்கிக்கொண்டு நானும். சலீம் பாயின் கைத் தையலை மேடம் தானே பிரித்தார். ஒவ்வொரு தையலாக, வெகுநேரம். முடிந்ததும் மேடம் சலீம் பாயிடம் விரலை மடக்கச் சொன்னார். மடக்கினார்.

"லெட்டர் எழுதித் தர்றேன்" என்றார் மேடம்.

"தேதி போய்டுச்சு மேடம்."

"அடுத்த வருஷமும் தேதி வரும். அதுவரைக்கும் இங்கயே தை."

கடிதத்தை அங்கேயே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'இவர் போட்ட தையலைப் பிரித்துப் பார்த்தேன். என்னுடையதைவிடச் சிறியது.' அவ்வளவுதான், கையெழுத்து. நான் சும்மா இருக்காமல், "எனக்கும் ஒரு லெட்டர் மேடம்?" என்றேன். என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, "உனக்குத் தோல் டிபார்ட்மென்ட் நல்லா இருக்கும்" என்றார்.

காலண்டர் அந்த வருஷம் முழுக்க ஆம்பூரிலேயே தைத்தான். அடுத்த வருஷம் மனுப் போட்டான், இடம் கிடைத்தது, அமெரிக்கா போய்விட்டான். கையை மட்டுமே ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் என்று கேள்வி. கடிதம் போட அவனுக்கு நேரமில்லை.

தோலுக்குப் பேர்போன இந்த வேலூர்ப் பக்கத்தில் இப்போது நான் தோல் டாக்டர். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வயதானவர்கள் அரிப்புக்கும் படைக்கும் மருந்து கேட்டு வருவார்கள். எப்போதாவது ஒரு கையில், விளக்கை அருகே கொண்டுபோனால்தான் தெரிகிற பொடித் தையல் தழும்பு இருக்கும். யார் போட்டது என்று நான் கேட்பதில்லை. வியாதி வேறு கையில் இருந்தாலும், அந்தக் கையைத்தான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பேன்.